ஒரு முகம், இரண்டு சம்பளம்? கவர்ச்சி மாடலிங்கும் ரியாலிட்டி தொலைக்காட்சியும் வளர்த்த இரட்டைச் சகோதரிகள்

#1 கடலூர்க் கணக்கன்

நேற்றிரவு தூக்கம் வராமல் யூடியூபில் பழைய துணுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றைத் தொட்டு இன்னொன்று என்று போய், கரிசா ஷானன், கிறிஸ்டினா ஷானன் என்ற அமெரிக்க இரட்டையரிடம் வந்து நின்றேன். 1989இல் பிறந்தவர்கள். பிளேபாய் பத்திரிகையின் நடுப்பக்க அழகியாக 2009 ஜூலையில் ஒருவர், ஆகஸ்டில் மற்றவர். அதே ஆண்டு, அந்தப் பத்திரிகையை நிறுவிய ஹியூ ஹெஃப்னரின் மாளிகையில் எடுத்த ரியாலிட்டி தொடரில் அவருடைய காதலிகள் என்ற அறிமுகத்தோடு வந்தார்கள். 2012 ஜனவரியில் இங்கிலாந்துக்குப் போய் செலிபிரிட்டி பிக் பிரதர் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டார்கள்.

என் கேள்வி எளியது. பாட்டால் வந்த புகழ் இல்லை, நடிப்பால் வந்ததில்லை, விளையாட்டால் வந்ததும் இல்லை. ஒரே அச்சில் வார்த்த இரண்டு முகம் என்பதைத் தவிர இதில் வேறு என்ன இருக்கிறது? ஒரு முகத்தைக் காட்டி இரண்டு சம்பளம் வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கணக்குப்பிள்ளை புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

#2 பாசிமணி

இதையெல்லாம் ஒரு விவாதம் என்று இங்கே கொண்டுவர வேண்டுமா? துணியைக் குறைத்தால் புகழ் வரும். உலகம் முழுக்க அதே கதைதான்.

#3 நடைபாதை நூலகம்

பாசிமணி அம்மா, துணியைக் குறைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களில் எத்தனை பேர் நம் நினைவில் நிற்கிறார்கள்? கணக்கரின் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். இந்த வியாபாரத்தில் இரட்டையர் என்ற சரக்கு ஷானன் சகோதரிகளோடு பிறக்கவில்லை. 1952இல் மால்டா தீவில் பிறந்த மேரி காலின்சன், மேடலின் காலின்சன் இருவரும் பதினேழு வயதுவாக்கில் இங்கிலாந்துக்கு வந்து மாடலிங்கில் இறங்கினார்கள். 1970 அக்டோபர் பிளேபாய் இதழில் நடுப்பக்கத்துக்கு வந்தார்கள். ஒத்த உருவ இரட்டையர் அந்தப் பக்கத்தில் வந்தது அதுவே முதல்முறை. மறுவருடமே ஹாமர் நிறுவனம் அவர்களை வைத்து ஒரு ரத்தக் காட்டேரிப் படம் எடுத்தது. ஒருத்தி நல்லவள், இன்னொருத்தி பொல்லாதவள். பீட்டர் குஷிங் போன்ற பெரிய நடிகர் உடன் இருந்தார். ஆனால் சகோதரிகளின் குரல் படத்தில் இல்லை, வேறு யாரோ பேசிச் சேர்த்தார்கள். முகம் மட்டும் போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அந்தப் படத்துக்குப் பின் சினிமாவில் அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் அமையவில்லை. மேடலின் பிற்காலத்தில் மால்டாவுக்கே திரும்பிப்போய் 2014இல் இறந்தார். மேரி 2021இல்.

#4 லண்டன் தூறல்

நான் இங்கே வந்து இருபத்தைந்து ஆண்டு ஆகிறது. கவர்ச்சி மாடலிங் என்பது பிரிட்டனில் ஒரு தனித் தொழில் என்பதை நம் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆடை அலங்கார மாடலிங்கில் துணியை விற்பார்கள். அதற்கு உயரம் வேண்டும், ஒல்லி உடம்பு வேண்டும், முகம் கொஞ்சம் கடுகடுவென்று இருந்தாலும் பரவாயில்லை. கவர்ச்சி மாடலிங்கில் விற்பது ஆளை. பக்கத்து வீட்டுப் பெண் சிரிக்கிறாள் என்ற மயக்கம்தான் அங்கே சரக்கு. சன் நாளிதழ் 1970 நவம்பரிலிருந்து மூன்றாம் பக்கத்தில் மேலாடை இல்லாத பெண்ணின் படத்தைப் போட்டு வந்தது. 2015இல்தான் நின்றது. காலையில் ரயிலில் எதிர் இருக்கைக்காரர் அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்திருப்பார், நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

2000க்குப் பிறகு ரியாலிட்டி தொலைக்காட்சி வந்தது. நம் ஊர் பிக் பாஸுக்குத் தாய் நிகழ்ச்சியான பிக் பிரதர் நெதர்லாந்தில் 1999இல் தொடங்கி மறுவருடமே இங்கே வந்துவிட்டது. இரண்டு தொழிலும் ஒன்றுக்கொன்று கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொண்டன. வீட்டிலிருந்து வெளியே வரும் பெண்ணுக்கு வாசலிலேயே படப்பிடிப்பு வாய்ப்பு நிற்கும். பத்திரிகையில் சலிக்கத் தொடங்கிய முகத்துக்கு அந்த வீட்டில் மூன்று வாரம் இடம் கிடைக்கும்.

இதில் இரட்டையர் எப்படி வந்தார்கள் என்றால், 2007இல் சாம், அமண்டா மார்ச்சன்ட் என்று இரண்டு பெண்கள் பிக் பிரதரில் வந்தார்கள். கவர்ச்சி மாடல்கள் இல்லை. இளஞ்சிவப்பு உடை, ஒருவர் தொடங்கும் வாக்கியத்தை மற்றவர் முடிப்பது, அவ்வளவுதான். நாடே அவர்களை ஒரே பெயராகச் சேர்த்து சமாண்டா என்று கூப்பிட்டது. இரண்டாம் இடம் வந்தார்கள். கணக்கரே, கவனியுங்கள்: இரண்டு பேரும் சேர்ந்து ஒரே போட்டியாளர். வென்றிருந்தால் பரிசு ஒன்றுதான், இரண்டு இல்லை.

ஷானன் சகோதரிகளும் 2012இல் அப்படித்தான். ஒரே ஆளாகக் கணக்கு.

#5 கடலூர்க் கணக்கன்

ஒரே ஆளாகவா? அது எனக்குத் தெரியாது. அப்படியானால் என் தலைப்பு கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஆனாலும் பத்திரிகையில் தனித்தனி மாதம்தானே வந்தார்கள்? தனித்தனிக் காசோலை.

#6 பத்து நிமிடம் இளையவள்

வாசிப்பதோடு நிறுத்திக்கொள்பவள் நான். இந்த இழையில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் பெயரே சொல்லும். என் அக்கா என்னைவிடப் பத்து நிமிடம் மூத்தவள். ஒத்த உருவம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் வளர்ந்தோம். ஒரே துணியில் எடுத்து ஒரே அளவில் தைத்த இரண்டு பாவாடை, ஒரே ரிப்பன். கல்யாண வீட்டில் எங்களை நடுவில் நிறுத்தி, "எது பெரியது, எது சின்னது, சொல்லுங்கள் பார்க்கலாம்" என்பார்கள். "எது" என்று. யாரும் "யார்" என்று கேட்டதாக நினைவில்லை. சரியாகச் சொன்னவர் கைதட்டு வாங்குவார். நாங்கள் நின்றுகொண்டிருப்போம்.

அதில் எங்களுக்குச் சுகமும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அக்காவுக்குக் காய்ச்சல் வந்து அவள் தனியாகப் படுத்திருந்த வாரத்தில் நான் மட்டும் பள்ளிக்கூடம் போனேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றுதான் தெரிந்தது, பார்க்கப்பட்டது நானும் இல்லை, அவளும் இல்லை என்று.

ஒரு முகத்துக்கு இரண்டு சம்பளம் என்கிறீர்கள், கணக்கர் அண்ணா. தனியாக நின்றால் அரைச் சம்பளம்கூட வராது என்பதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

#7 தறிக்காரன்

அக்கா சொன்னதை என் தொழிலில் வைத்துப் பார்க்கிறேன். ஜோடி வேட்டி விற்கும்போது ஒன்றில் கறை பட்டால் மற்றதையும் கழித்துத்தான் விற்க வேண்டும். நல்ல வேட்டிக்குக் குறை ஒன்றும் இல்லை, ஆனால் ஜோடி உடைந்த கணத்தில் விலை விழுந்துவிடும்.

#8 நடைபாதை நூலகம்

தறிக்காரரே, சரியாகப் பிடித்தீர்கள். அதற்குச் சாட்சியாக ஷேன் பார்பி, சியா பார்பி சகோதரிகளைச் சொல்வேன். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நாட்காட்டிகளாலும் 1991 செப்டம்பர் பிளேபாய் அட்டையாலும் பெரும் புகழ் பெற்றவர்கள். பார்பி என்பது தொழிலுக்காக வைத்துக்கொண்ட பெயர். பொம்மையின் பெயர்தான், எழுத்து மட்டும் கொஞ்சம் மாறும்.

பின்னாளில் இருவருமே புலிமியா நோயால் ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டதை வெளிப்படையாகப் பேசினார்கள். கண்டபடி தின்றுவிட்டு, பிறகு குற்ற உணர்வில் அதை வெளியேற்றும் நோய். மாடலிங்கில் தனி ஆளுக்கே எடைத் தராசு எமன். ஜோடிக்கு இரண்டு தராசு என்று எண்ணிவிடாதீர்கள், தராசு ஒன்றுதான், தட்டு இரண்டு. ஒருத்தி இரண்டு கிலோ கூடினால் மற்றவளின் பிழைப்பும் சாயும். இது என் ஊகம்தான், ஆனால் அந்தத் தொழிலின் அமைப்பைப் பார்த்தால் வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை.

அவர்கள் பிறகு விலங்கு நலப் பணியில் இறங்கினார்கள். அதிலும் இருவரும் சேர்ந்தேதான்.

#9 நெறியாளர்

பதிவு ஒன்றில் இருந்த படங்களின் இணைப்பு நீக்கப்பட்டது. படம் தேடுபவர்களுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. விவாதம் தொடரட்டும்.

#10 பாசிமணி

நான் சொன்னதையே சுற்றி வளைத்துச் சொல்கிறீர்கள். அந்த வேலைக்கே போகாதிருந்தால் இந்த நோயும் இல்லை, நொடியும் இல்லை. யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லையே.

#11 லண்டன் தூறல்

பாசிமணி அக்கா, கையைப் பிடித்து இழுக்கத் தேவையில்லை. அந்த மாளிகையின் கதையைச் சொல்கிறேன். ஷானன் சகோதரிகள் 2008இல் ஹெஃப்னரின் வட்டத்துக்குள் வந்தபோது அவர்களுக்குப் பதினெட்டு பத்தொன்பது வயது. அவர் 1926இல் பிறந்தவர். எண்பத்திரண்டு. கொள்ளுத்தாத்தா வயது.

அவர்களுக்கு முன் அங்கே ஏழெட்டு ஆண்டு இருந்த ஹாலி மாடிசன், 2015இல் வெளிவந்த தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார்: இரவு ஒன்பது மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், வாரத்துக்கு ஆயிரம் டாலர் செலவுப் பணம், அதை வாங்க வாரா வாரம் ஹெஃப்னரின் அறைக்குப் போய் நிற்க வேண்டும், அப்போது குறைகளையெல்லாம் அவர் எடுத்துச் சொல்வார். தொலைக்காட்சியில் 2005இலிருந்து நாம் பார்த்ததோ நீச்சல் குளமும் நாய்க்குட்டிகளும் கொண்டாட்டங்களும்தான். அந்த வீடு 2016இல் பத்துக் கோடி டாலருக்கு விலைபோனது. அதில் குடியிருந்த பெண்களுக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை.

ஹாலியும் தோழிகளும் வெளியேறிய பிறகு அந்தத் தொடரில் காலியான இடங்களுக்குத்தான் இந்தச் சகோதரிகள் வந்தார்கள். நாற்காலி அப்படியே இருந்தது, ஆட்கள் மாறினார்கள். இரட்டையர் என்பதால் ஒரே அழைப்பில் இரண்டு நாற்காலி நிரம்பிவிட்டது.

#12 கடலூர்க் கணக்கன்

தூறல் அண்ணா, ஒரே அழைப்பில் இரண்டு நாற்காலி என்ற வரியைப் படித்துவிட்டு ஒரு தேநீர் குடித்து வந்தேன். ஆனாலும் எல்லாரும் ஏமாந்தவர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. வியாபாரத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்ட இரட்டையர் யாருமே இல்லையா?

#13 மல்யுத்தப் பித்தன்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். பெல்லா சகோதரிகள்! நிக்கி, பிரீ. 1983 நவம்பர் 21இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் பிறந்தவர்கள், வளர்ந்தது அரிசோனாவில். நிக்கி பதினாறு நிமிடம் மூத்தவர். மாடலிங்கும் விளம்பரமும் செய்துகொண்டிருந்தார்கள். 2006இல் டபிள்யூ டபிள்யூ ஈ என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனம் நடத்திய அழகிகள் தேடலில் போட்டியிட்டுத் தோற்றார்கள். அந்தக் காலத்தில் அங்கே பெண்களை எடுத்ததே அப்படித்தான், முதலில் அழகு, பிறகு குத்து. ஆனாலும் நிறுவனம் அவர்களை விடவில்லை, பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது.

2008 ஆகஸ்டில் பிரீ மட்டும் திரையில் வந்தார். நிக்கி என்று ஒருவர் இருப்பதே ரசிகர்களுக்குத் தெரியாது. சண்டை நடுவில் பிரீ களைத்துப்போய் மேடைக்கு அடியில் புகுந்துகொள்வார். சில நொடியில் புதுத் தெம்போடு வெளியே வந்து எதிராளியை வீழ்த்துவார். நானும் என் தம்பியும், இந்தப் பெண் அடியில் என்ன குடிக்கிறாள் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். நவம்பரில்தான் குட்டு உடைந்தது. அடியில் அக்கா! அதற்குப் பின் தெரிந்தே ஆள் மாறாட்டம் செய்தார்கள், அதற்கு இரட்டையர் மாயம் என்று பெயரும் வைத்தார்கள். நடுவருக்கு மட்டும் கடைசிவரை தெரியவே தெரியாது. பாவம் அந்த மனிதர்.

ஆக, முதலில் அவர்களும் தறிக்காரர் சொன்ன ஜோடி வேட்டிதான். ஆனால் 2011 ஏப்ரலில் பிரீ தனியாகச் சாம்பியன் பட்டம் வென்றார். 2012இல் நிக்கி. பிறகு 2013இல் ஈ (E!) என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெண் மல்யுத்த வீரர்களின் வாழ்க்கையைக் காட்டும் ரியாலிட்டி தொடர் தொடங்கியது, அதில் மைய ஈர்ப்பே இவர்கள்தான். 2016இல் இவர்களுக்கென்றே தனித் தொடர், 2021 வரை ஆறு பருவம்.

என் கணிப்பில் அவர்களுடைய சாமர்த்தியம் எங்கே என்றால், ஒற்றுமையை விற்றுத் தீர்ந்ததும் வேற்றுமையை விற்கத் தொடங்கினார்கள். 2014 கோடையில் நிக்கி தங்கைக்குத் துரோகம் செய்வதாகக் கதை போனது. அக்டோபரில் இருவருக்கும் சண்டை: தோற்றவர் வென்றவருக்கு முப்பது நாள் எடுபிடி. பிரீ தோற்று அக்காவுக்குக் காபி தூக்கினார். நவம்பரில் மறுபடி பட்டம் வென்ற நிக்கி 301 நாள் அதை வைத்திருந்தார், அந்தப் பட்டத்தின் வரலாற்றிலேயே நீண்ட காலம். தொடரிலும் அப்படியே. ஒருத்தி சுற்றுச்சூழல், காய்கறி என்று பேசுவாள். மற்றவளுக்கு உயர்ந்த குதிகால் செருப்பும் பளபளப்பும். அக்கா தங்கை சச்சரவு இல்லாத வீடு உண்டா? அமெரிக்கா முழுக்க உட்கார்ந்து பார்த்தது.

#14 பத்து நிமிடம் இளையவள்

முப்பது நாள் எடுபிடியா! எங்கள் வீட்டில் அதற்குச் சண்டையே தேவைப்பட்டதில்லை. பத்து நிமிட மூப்பு போதும்.

#15 பாசிமணி

மல்யுத்தம் நடிப்பு, தொடரும் நடிப்பு. இதில் சாமர்த்தியம் எங்கே வந்தது? எழுதிக்கொடுத்தவன் சாமர்த்தியம்.

#16 மல்யுத்தப் பித்தன்

முடிவு எழுதப்பட்டது, ஒப்புக்கொள்கிறேன் அம்மா. முதுகெலும்பும் கழுத்தும் எழுதப்பட்டதில்லை. நிக்கிக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது உண்மையான காயத்தால்தான்.

ஆனால் உங்களுக்குச் சாதகமான ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். பெல்லா என்ற பெயர் அவர்களுடையதில்லை. நிறுவனத்தோடு வந்த மேடைப் பெயர். 2023 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்து வெளியேறியபோது பெயரை அங்கேயே வைத்துவிட்டு, பிறந்த குடும்பப் பெயரான கார்சியாவுக்குத் திரும்பினார்கள். பதினைந்து ஆண்டு உழைத்து உலகத்துக்குப் பழக்கிய பெயர்! 2025 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் ராயல் ரம்பிள் போட்டியில் நிக்கி மறுபடி மேடையேறியபோது அறிவிப்பாளர் சொன்ன பெயர் நிக்கி பெல்லா. நிறுவனத்தின் மேடைக்கு வந்தால்தான் அந்தப் பெயர்.

#17 கடலூர்க் கணக்கன்

முகம் பெற்றோர் கொடுத்தது, பெயர் முதலாளி கொடுத்தது. ம்ம்.

#18 தறிக்காரன்

கேலிக்கு ஆளாகியே பிழைத்த ஒரு ஜோடி உண்டே? பாட்டுக்காரிகள். என் மகன் அந்த விழியத்தைப் போட்டு வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தான்.

#19 லண்டன் தூறல்

சீக்கி கேர்ள்ஸ். காப்ரியேலா, மோனிகா இரிமியா. ருமேனியாவின் குளூஜ் நகரத்துப் பெண்கள். 2002இல் இங்கே ஐடிவி தொலைக்காட்சியின் பாடகர் தேர்வு நிகழ்ச்சிக்கு வந்தார்கள், நடுவர்கள் நிராகரித்தார்கள். அந்த நிராகரிப்பு ஒளிபரப்பானதே அவர்களுக்கு விளம்பரம். அம்மா எழுதிய பாட்டை, குட்டைக் கால்சட்டையோடு ஆடிப் பாடி வெளியிட்டார்கள், அந்த டிசம்பரில் பிரிட்டனின் பாட்டு விற்பனைத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை ஏறியது. இதுவரை வந்ததிலேயே மோசமான பாப் பாட்டு என்று பின்னர் ஒரு தொலைக்காட்சி வாக்கெடுப்பில் முதலிடமும் பெற்றது. நானே வாங்கவில்லை, ஆனால் அலுவலகத்தில் அந்த வரியை முணுமுணுக்காதவர் கிடையாது. ஒரு காலத்தில் காப்ரியேலாவுக்கும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கும் நிச்சயதார்த்தம்கூட நடந்தது. நாளிதழ்களுக்குத் தீபாவளி.

அமெரிக்க பிக் பிரதர் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், பெல்லா கதைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது. 2004இலும் 2015இலும் இரட்டையரை ஒரே ஆள் போல உள்ளே அனுப்பினார்கள். சில நாள் ஒருவர், சில நாள் மற்றவர். மற்ற போட்டியாளர்களுக்குச் சந்தேகம் வராமல் ஐந்து வெளியேற்றங்களைத் தாண்டினால் இருவரும் தனித்தனியாக விளையாடலாம் என்று 2015இல் விதி. லிஸ் நோலன், ஜூலியா நோலன் தாண்டினார்கள். ஜூலியா பிறகு வெளியேற்றப்பட்டார். லிஸ் கடைசி இருவரில் ஒருவராக வந்து இரண்டாம் இடம். ஒரே ஆளாக நடித்துக் காட்டிய பிறகுதான் இரண்டு ஆள் என்ற உரிமை. பிரிட்டனில் அதுவும் கிடையாது.

#20 பத்து நிமிடம் இளையவள்

இந்த விதியை எழுதியவருக்கு வீட்டில் யாரோ இரட்டையர் இருந்திருக்க வேண்டும்.

#21 நடைபாதை நூலகம்

ஒரு ஜோடியைச் சொல்லாமல் விட்டால் என் மனம் ஒப்பாது. ஆலிஸ் கெஸ்லர், எல்லன் கெஸ்லர். 1936இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் பிறந்தவர்கள். பாலே பயின்றவர்கள், பாரிஸின் லிடோ அரங்கில் ஆடியவர்கள், 1959 யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் மேற்கு ஜெர்மனிக்காகப் பாடியவர்கள். 1960களில் இத்தாலியத் தொலைக்காட்சியில் அவர்கள் கால் வைத்தபோது, கால் தெரியக் கூடாது என்று கருப்புக் காலுறையை மாட்டிவிட்டது நிர்வாகம். அந்தக் காலுறையோடுதான் இத்தாலி அவர்களைக் காதலித்தது! 1970களின் நடுவில், நாற்பதை ஒட்டிய வயதில், இத்தாலியப் பிளேபாய்க்குப் படம் கொடுத்தார்கள். இதழ் விற்றுத் தீர்ந்தது. பாசிமணி அம்மா கோபித்தாலும் சொல்கிறேன், அது யாரோ இழுத்துப்போன பதினெட்டு வயதுப் பெண்களின் முடிவு இல்லை. தங்கள் உடம்பின் விலை தெரிந்த, இருபது ஆண்டு மேடை கண்ட இரண்டு பெண்களின் முடிவு.

இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. மியூனிக் அருகே ஒரே வீட்டின் இரண்டு பாதியில் வாழ்ந்தார்கள், நடுவில் தள்ளும் கதவு. சென்ற 2025 நவம்பர் 17 அன்று, 89 வயதில், ஒரே நாளில் இறந்தார்கள். இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது என்று செய்தி வந்தது.

#22 பாசிமணி

கோபிக்கவில்லை. தள்ளும் கதவு என்று எழுதினீர்களே, அது திறந்திருந்ததா மூடியிருந்ததா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

#23 பத்து நிமிடம் இளையவள்

அம்மா, தேவைப்பட்டபோது மூடியிருக்கும். எங்களுக்கு அந்தக் கதவு கிடைக்கவில்லை, ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்தான் கிடைத்தது. அக்கா நாக்பூரைத் தாண்டி வாழ்க்கைப்பட்டுப் போனாள். நான் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டேன். அடுத்த முறை வந்தபோது பார்க்கிறேன், அவளும் வெட்டியிருக்கிறாள். ஒருவரிடம் ஒருவர் சொல்லவே இல்லை.

#24 கடலூர்க் கணக்கன்

நெறியாளர் ஐயா, இழையின் தலைப்பை மாற்ற முடியுமா? "இரண்டு முகம், ஒரு சம்பளம்" என்று வைத்துவிடுங்கள். கணக்கைத் தலைகீழாக எழுதியிருக்கிறேன்.

#25 பத்து நிமிடம் இளையவள்

வேண்டாம் அண்ணா. இரண்டு முகம் என்றால் நம் ஊரில் வேறு பொருள். பழைய தலைப்பே இருக்கட்டும், கேள்விக்குறி ஒன்று மட்டும் போட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

#26 நெறியாளர்

போட்டாயிற்று.